கை கழுவிய தண்ணீர்

தீதி,

கரியாஹாட் கடைத்தெருவில் நாடகத்துக்கென்று வாங்கிய மூன்று ஆல்தா பாட்டில்களில் ஒன்று வழியிலேயே உடைந்துவிட்டது. பஸ் நெரிசலில் யாருடைய முழங்கையோ பட்டிருக்கும். சால்ட் லேக் வீட்டுக்கு வந்து பைக்குள் கையை விட்டு எடுத்தேன். மணிக்கட்டு வரை சிவப்பு. வங்காளிப் பெண்கள் பாதத்தில் தீட்டிக்கொள்ளும் சாயம்தான். ஆனாலும் விரலிடுக்கில் அது வழியும்போது சாயம் என்று நம்ப எனக்கு இப்போதும் ஒரு நிமிடம் பிடிக்கிறது. குழாயடிக்குப் போனேன். குழாயைத் திருகக் கை நீளவில்லை. உள்ளறையில் கண்ணாடி முன்னால் நின்று டோனி கத்திக்கொண்டிருந்தான்.

"விடு சாட்டையை! நீ அடித்தது போதாது! யூத குலம் அடிக்கும் அடி எப்படி என்று பார்!"

நான் எழுதிய வசனம், தீதி. பதினோரு வயதுத் தொண்டையில் உடைந்து உடைந்து வந்தது.

உங்களுக்கு எழுத வேண்டியதை இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டேன். சின்னவள் தூங்குகிறாள். கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். காகித ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை சிவப்பாகப் பதிகிறது. இருக்கட்டும்.

கல்கத்தா ரிப்பன் தெருவின் அந்தப் பழைய கட்டடத்தில் நாங்கள் இரண்டாம் மாடி, நீங்கள் மூன்றாம் மாடி. டோனியின் அப்பாவுக்குக் கார்டன் ரீச்சில் ரயில்வே வேலை, குவார்ட்டர்ஸ் கிடைக்கவில்லை. நாங்கள் சாமான் இறக்கிய அன்றே நீங்கள் படியிறங்கி வந்து இடுப்பில் கைவைத்து நின்றீர்கள். "தூத்துக்குடியா? நான் டைப் அடிக்கற கப்பல் கம்பெனில நாலு தூத்துக்குடி. பத்து வருஷம் அவங்க சண்டையக் கேட்டே தமிழ் கத்துக்கிட்டேன். அதனால எனக்குத் திட்டு மட்டும் சுத்தமா வரும்."

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் உங்கள் ஓய்வுநாள் ஆரம்பம். மறுநாள் பொழுது சாயும்வரை நெருப்பைத் தொடமாட்டீர்கள், ஸ்விட்சையும் தொடமாட்டீர்கள். அடுத்தவரிடம் போட்டுக் கொடு என்று வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. அதனால் மாடிப்படியின் தலைப்பில் நின்றுகொண்டு சுவரிடம் சொல்வதுபோல, "ஐயோ, என்ன புழுக்கம்! என்ன புழுக்கம்!" என்பீர்கள். டோனி செருப்புக்கூடப் போடாமல் ஓடுவான். ஃபேனைப் போட்டுவிட்டு இரண்டு கையிலும் பாதாம் பிஸ்கட்டோடு இறங்கி வருவான். "துஷ்டு" என்று கூப்பிடுவீர்கள் அவனை. வங்காளத்தில் போக்கிரி என்று அர்த்தமாம். அவன் அதைப் பட்டப்பெயராக்கி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

நீங்கள் யூதப் பெண் என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததை மனசின் எந்த மூலையில் போட்டுவைத்திருந்தேன் என்பதுதான் புரியவில்லை. வங்காள வழக்கப்படி அக்கா என்று நான் கூப்பிடும் மாடிவீட்டு தீதி ஓர் ஆள். பெரிய வெள்ளி நாடகத்தில் வருகிற யூதர்கள் வேறு யாரோ.

அந்த வருடம் எங்கள் தமிழ்ப் பங்குக் கோயில் கமிட்டி, இயேசுவின் பாடுகள் நாடகத்தை என்னை எழுதச் சொன்னது. வரலாற்றில் பட்டம் வாங்கியவளாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ரோமச் சிப்பாய் வேடத்துக்கு வாலிபர்கள் அடித்துக்கொண்டார்கள். திரைச்சீலையில் செய்த சிவப்பு மேலங்கி, அட்டைத் தலைக்கவசம், அதன் உச்சியில் வெட்டி ஒட்டிய துடைப்பம். யூதர் வேடத்துக்கு மட்டும் ஆள் இல்லை. கெஞ்சிப் பிடித்தவர்களுக்குத் துண்டையும் ஒட்டுத்தாடியையும் கொடுத்து, "மொறைச்சுக்கிட்டே நில்லுங்க, போதும்" என்றோம்.

இயேசு வேடம் டோனியின் அப்பாவுக்கு. தாடி வளர்த்திருந்தார், அது ஒன்றுதான் தகுதி.

இன்னொன்றும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சிப்பாய் கை சலித்துச் சாட்டையைத் தாழ்த்தும் இடத்தில், யூதக் கூட்டம் பாய்ந்து அதைப் பிடுங்கித் தானே அடிப்பதாக எழுதினேன். நற்செய்தி எதிலும் அப்படி இல்லை. நானாகச் சேர்த்தது. அந்த இடத்தில் கூட்டம் எழுந்து நிற்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஒத்திகை நாட்களில் மீன் அரிந்துகொண்டிருந்தபோது ஐந்து வயது டோனி கேட்டான். "அம்மா, யூதர்னா யாரு?"

"இயேசுவக் கொன்னவங்கல. கத்தி கிட்ட வராத, தள்ளிப் போ." மீனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

உங்களையும் நாடகத்துக்கு அழைத்தேன். நீங்கள் சுவர்க் காலண்டரைத் திருப்பிப் பார்த்தீர்கள். "அன்னிக்கு சாயங்காலம்தான் எங்க பெசாஹ் பண்டிகையும் தொடங்குது. எல்லா வருஷமும் ரெண்டும் ஒரே நாள்ல வராது. இருட்டறதுக்குள்ள என்னைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுடுவியா?" என்றீர்கள். "அஞ்சு மணிக்கு முடிஞ்சிடும் தீதி" என்றேன். பாஸ்கா, பாஸ்கா என்று வாய் ஓயாமல் சொல்லும் எனக்கு, அது உங்கள் பெசாஹ்தான் என்பதோ, இயேசு கடைசியாக உட்கார்ந்த பந்தி உங்கள் வீட்டில் அன்று விரித்து வைத்திருந்த பந்தி போன்றது என்பதோ உறைக்கவில்லை.

கோயில் முற்றத்தில் கடைசி வரிசை. பிளாஸ்டிக் நாற்காலியில் நீங்கள், உங்கள் மடியில் டோனி. ரோம ஆளுநன் பிலாத்து, இந்தப் பழியில் எனக்குப் பங்கில்லை என்று கண்ணீரோடு பித்தளைக் கிண்ணத்தில் கை கழுவினான். பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு சாட்டை. தேங்காய் நாரில் முறுக்கி ஆல்தாவில் ஊறவைத்தது. ஒவ்வோர் அடிக்கும் டோனியின் அப்பாவுடைய வெற்று முதுகில் ஒரு சிவப்புக் கோடு. சிப்பாய் நிறுத்தினான். யூதர்கள் பாய்ந்தார்கள். சாட்டை மாறியது. பத்து, பதினைந்து, இருபது அடி. ஆல்தா தெறித்து முன்வரிசைச் சேலைகளில் விழுந்தது. "அடப் பாவிகளா!" என்று ஒரு கிழவர் எழுந்து செருப்பை எறிந்தார். கைதட்டினார்கள். நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று அந்தக் கைதட்டலைக் குடித்தேன்.

அந்த நேரத்தில் டோனி உங்கள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டானாம். பிறகு நிமிர்ந்து, "தீதி, நீங்க யூதரா?" என்று கேட்டானாம். "ஆமா" என்றீர்களாம். வேறென்ன சொல்ல முடியும் உங்களால்? அவன் மடியிலிருந்து இறங்கிப் போனான்.

நாடகம் முடிந்து நான் முற்றத்துக்கு வந்தபோது நீங்கள் மதிலோரம் படியில் உட்கார்ந்திருந்தீர்கள். நெற்றியிலிருந்து தாடைவரை சிவப்பு. தாடிகளைக் கழற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர், "ஆன்ட்டிக்கும் மேக்கப் போட்டுட்டானுவ டோய்!" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தேன், தீதி. "யாரு உங்க மேல ஆல்தாவ ஊத்துனது? கவுனெல்லாம் பாழாப் போச்சே!" என்று முந்தானையால் துடைத்தேன்.

ஆல்தா குளிர்ந்திருக்கும். இது சுட்டது. துடைக்கத் துடைக்க ஊறியது.

"இது கடையில வாங்குனது இல்ல, ஸ்டெல்லா" என்றீர்கள்.

மதில் வேலைக்கு இறக்கிவைத்த செங்கல் குவியலின் மேல் டோனி நின்றான். கையில் இரண்டாவது துண்டு. "எங்கப்பாவ அடிச்சீங்கல்ல! நீங்கதான! நீங்கதான கொன்னீங்க!" அவன் அப்பா முதுகெல்லாம் சாயத்தோடு ஓடிவந்து, "லேய், அப்பா இங்கதாம்ல இருக்கேன், பாருல!" என்று அவனைப் பிடித்து உலுக்கினார். அவன் பார்க்கவில்லை. உங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் கையில் கிடைத்ததை எடுத்தேன். நாடகச் சாட்டை. அவன் காலில் அடித்தேன், தொடையில் அடித்தேன். தெறித்தது சாயமா வேறெதுவுமா என்று பார்க்கவில்லை. என் பிள்ளையை அடித்தேனா, என்னை அடித்தேனா, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அடித்தேனா, இன்றுவரை தெரியாது. நான்காவது அடிக்கு ஓங்கிய என் மணிக்கட்டை ஈரமான ஒரு கை இறுக்கிப் பிடித்தது.

"போதும். சொல்லிக் குடுத்ததத்தான் அவன் செஞ்சான். இப்ப இன்னொண்ணு சொல்லிக் குடுக்காத."

டாக்சியில் போனோம். ஐந்து தையல். ஊசி ஏறும்போதெல்லாம் நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள். வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. டாக்டர் நூலை வெட்டும்போது இருட்டிவிட்டது. "விளக்கு ஏத்தல" என்று மட்டும் சொன்னீர்கள். வீட்டில் புளிக்காத அப்பமும் கசப்புக் கீரையும் மேசையில் விரித்தபடி கிடந்தன. திரும்பி வந்து மூன்றாம் மாடிக் கதவைச் சாத்தினீர்கள்.

மூன்று வாரம் அந்தக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை.

எனக்குப் பயப்படுவதற்குக் காரணமே வேண்டாம் என்று கேலி செய்வீர்களே, அந்த மூன்று வாரம் காரணமும் இருந்தது. காயம் சீழ்பிடிக்குமா, கண்ணுக்கு இறங்குமா, போலீஸ் வருமா, வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்வாரா. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று: இவன் வளர்ந்து யாரையாவது கொன்றுவிடுவானா? சாப்பிடும்போது அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளிக்கிழமைகளில் அவன் படியடியில் போய் நின்றான். சித்திரை வெயிலில் கட்டடம் கொதித்தது. மேலே ஃபேன் சத்தம் இல்லை, உங்கள் குரலும் இல்லை. வியர்வையில் கிடந்தீர்கள், புழுங்குகிறது என்று சொல்லவில்லை.

நான்காவது வெள்ளி, பொழுது சாய்ந்த நேரம், மாடிப்படியின் தலைப்பில் செருப்புச் சத்தம். சுவரைப் பார்த்து ஒரு குரல்: "ஐயோ, என்ன புழுக்கம்!"

டோனி என்னைப் பார்த்தான். அவனாகப் போனான். ஃபேன் போட அரை நிமிடம் போதும், அரைமணி கழித்துத்தான் இறங்கினான். என்ன நடந்தது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றான்.

ஞாயிறு மதியம் நீங்களே வந்தீர்கள். தழும்பு நெற்றியில் பூரான்போல் ஒட்டியிருந்தது. நான் காலில் விழப்போனேன். "ஆரே பாபா, நாடகம் முடிஞ்சிடுச்சு, எழுந்திரு. அந்த நோட்டக் கொண்டா, படி" என்றீர்கள். படித்தேன். 'யூதர்கள்' என்று நான் வாசித்த ஒவ்வொரு முறையும் மேசையைத் தட்டினீர்கள்.

"நிறுத்து. இயேசு எந்த ஜனம்?"

"யூதர்."

"மேரி?"

"யூதர்தான் தீதி."

"பீட்டர்? பின்னாடி அழுதுக்கிட்டே போன பொம்பளைங்க? அப்ப உன் நோட்டுல யூதர்னு பேர் போட்டவன் மட்டும் எப்படிக் கெட்டவன்? மேரி என்ன, வேளாங்கண்ணியிலயா பொறந்தா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களுக்கு வரவில்லை.

"ஆணி அடிச்சது யாரு? சிலுவை யாரோட தண்டனை? எருசலேம் கோயில் பெரிய குருவை அந்த நாற்காலியில உக்கார வெச்சது யாரு? எல்லாம் ரோமாபுரிக்காரன்தான். ஹிஸ்டரி படிச்சேன்னு சொன்னியே, என்ன படிச்ச?"

எதைப் படித்தேன்? அரசர்களின் பட்டியலைப் படித்தேன். நீங்கள் சொன்னதுதான் எனக்கு முதல் வரலாறு. உங்கள் தமிழில், நடுநடுவே வங்காளத்தில், இடையிடையே மேசையைக் குத்திக்கொண்டு சொன்னீர்கள். நான் அழவைத்த பிலாத்து, ஜனங்களை வெட்டிச் சாய்த்ததாலேயே பதவி போனவன். இயேசு இறந்து ஒரு தலைமுறைக்குள் ரோமப் படை எருசலேமை வளைத்துப் பட்டினி போட்டது. தப்பி ஓடியவர்களைப் பிடித்து மதிலுக்கு எதிரே சிலுவையில் அடித்தது, இனி அடிக்க மரமும் நடுவதற்கு இடமும் இல்லை என்னும்வரை. கோயிலைக் கொளுத்தியது. அடுத்த கலகத்துக்குப் பின் யூதன் அந்த ஊருக்குள் காலை வைத்தால் உயிர் போகும் என்றது. யூதனாக இருப்பதே ஆபத்து என்ற அந்தக் காலத்தில், அதே கர்த்தரின் ஜெபங்களைச் சொல்லிக்கொண்டு, அதே சங்கீதங்களைப் பாடிக்கொண்டு, ரோமக் கத்திக்குக் கீழே நின்ற இயேசுவின் ஆட்கள் என்ன செய்வார்கள்?

"நாங்க அவங்க இல்ல, நாங்க வேறன்னாங்க. கதை சொல்லும்போது ரோமாபுரிக்காரனுக்குக் கோவம் வராத மாதிரி சொன்னாங்க. பயம், ஸ்டெல்லா. உன்ன மாதிரிப் பயம். பயந்தவங்க மேல எனக்குக் கோவம் இல்ல."

"அப்புறம் யார் மேல?"

"முந்நூறு வருஷம் கழிச்சு ரோமாபுரி ராஜாவே சிலுவையைத் தூக்கிக் கொடியில வெச்சுக்கிட்டான். ஓய்வுநாளை ஞாயிறாக்கிச் சட்டம் போட்டான். பண்டிகைக்கு நாள் குறிக்கக்கூட எங்க பஞ்சாங்கத்தப் பாக்கக் கூடாதுன்னாங்க. இப்ப யாருக்கும் பயப்பட வேண்டாமே, நெசத்தச் சொல்லியிருக்கலாம்ல? ஆனா ஆணி அடிச்சவனே உங்க கோயிலுக்கு வீட்டுக்காரனாயிட்டான். அப்ப அடிச்சது யாருன்னு கேட்டா வேற ஒரு ஆள் வேணும்ல?" நெற்றியைத் தொட்டுக் காட்டினீர்கள். "பிலாத்து கை கழுவினானே, அந்தத் தண்ணிய எங்க மேல ஊத்தினாங்க. இன்னும் ஈரம் காயல."

பிறகு இன்னொன்றும் சொன்னீர்கள். "பெரிய வெள்ளின்னா எங்கம்மா ஜன்னலச் சாத்திடுவா. அவ வீட்டாளுங்க சிரியாவிலேர்ந்து கப்பல்ல கொண்டுவந்த பயம். நான் சிரிப்பேன். இது கல்கத்தா, இந்த ஊர்ல எங்க மேல யாரும் ஒரு கல்லு எறிஞ்சதில்லம்பேன். நாப்பத்தாறு வயசு வரைக்கும் அது நெசமாத்தான் இருந்துச்சு."

அன்றே நான் கமிட்டிச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். சாட்டையைப் பிடுங்குகிற காட்சியை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

"என்னம்மா, பைபிளயே திருத்துறியா?"

"பைபிள்ல இல்ல சார் அது. நான் சேத்தது."

"அதான் ஜனங்களுக்குப் புடிச்சிருக்கு. அடுத்த வருசமும் அதான்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாடிவீட்டு யூதம்மா பேசச் சொன்னாளாக்கும்? ஒம் பையனுக்கு ஞாயித்துக்கிழம ஞானோபதேச வகுப்புக்குப் பேர் குடுத்துருக்கல்ல?"

அவ்வளவுதான். பெயரை அடித்துவிடுவாரோ, ஊருக்கு எழுதிப் போடுவாரோ, டோனியை மற்றப் பிள்ளைகள் சேர்க்கமாட்டார்களோ என்று வழிநெடுக எண்ணிக்கொண்டே திரும்பினேன். டோனியின் அப்பா மட்டும், "இனி நா அந்த வேசம் கட்டமாட்டேன்" என்றார், கட்டவில்லை. வேறொருவர் கட்டினார். படியில் உங்களைப் பார்த்தேன். கேட்கும் முன்பே சொல்லிவிட்டேன்: "எடுத்துட்டாங்க தீதி."

நீங்கள் தழும்பைத் தடவிக்கொண்டு, "நல்ல பொண்ணு" என்றீர்கள்.

நான்கு வருடம் அந்தப் பொய்க்கு மேல் உட்கார்ந்து உங்கள் வீட்டில் தேநீர் குடித்தேன். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் சாட்டை கை மாறியது. நாங்கள் வேறு என்று சொல்லித் தப்பித்த அந்தப் பழைய ஆட்களைக் கத்தி மிரட்டியது. என்னை மிரட்டியது ஒரு பெயர்ப்பட்டியல்.

சின்னவளைப் பெற்றெடுக்க நான் தூத்துக்குடி போயிருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். மாரடைப்பு என்றார்கள். ஜெபம் சொல்லப் பத்து ஆண்கள் வேண்டுமாம், ஊரில் உங்கள் ஆட்களில் அத்தனை பேர் தேறவில்லையாம். திரும்பியதும் நார்க்கல்டாங்காக் கல்லறைத் தோட்டத்துக்குப் பூவோடு போனேன். காவல்காரர், பரம்பரையாக அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் முஸ்லிம் பெரியவர், "இங்க பூ வைக்கமாட்டாங்க மா, ஒரு சின்னக் கல்ல எடுத்து வைங்க" என்றார். குனிந்தேன். கல்லைத் தொட்ட கை பின்வாங்கிவிட்டது. உங்கள் மேல் இன்னொரு கல்லை எப்படி வைப்பேன்? பூவை வாசலிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போது டோனி நோட்டோடு வந்து நின்றான்.

"அம்மா, சாட்டையைப் பிடுங்கற பையன் நான்தான். இந்த எடத்த நீங்கதான் எழுதினீங்களா?"

"ஆமா." பேனாவைக் கீழே வைத்தேன். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். செங்கல் துண்டு அவனுக்கு நினைவிருக்கிறதா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆறு வருடமாகக் கேட்கப் பயந்து கேட்கவில்லை. கடைசியாக, "எடுத்துட்டாங்கன்னு தீதிகிட்டப் பொய் சொன்னேன்டா. அது தெரியாமலே போயிட்டாங்க" என்றேன்.

அவன் நோட்டின் மூலையை மடித்து மடித்துப் பிரித்தான்.

"தெரியும்மா அவங்களுக்கு. ஃபேன் போடப் போவேன்ல. மொத நாள் தையல் போட்ட எடத்தத் தொட்டுப் பாக்கச் சொன்னாங்க. தொட்டுட்டு அழுதேன். அப்புறம் வருசா வருசம் கேப்பாங்க, 'ஏய் துஷ்டு, இந்த வருஷமும் பிடுங்கினாங்களா?'ன்னு. பிடுங்கினாங்கன்னு சொல்லுவேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"'எனக்குத் தெரியும்னு உங்கம்மாகிட்ட சொல்லிடாத. பயப்படுவா'ன்னாங்க."

தீதி.

நீங்கள் ஊற்றிக் கொடுத்த ஒவ்வொரு தேநீரையும் இப்போது எண்ணிப் பார்க்கிறேன். பொய்யென்று தெரிந்த பின்னும் நீங்கள் திருப்பி வாங்காத "நல்ல பொண்ணு" என்ற அந்தச் சொல்லை இனி நான் எங்கே இறக்கிவைப்பேன்? இறக்கிவைக்கப் போவதில்லை.

நாளை மாலை ஒத்திகை. டோனி வரமாட்டேன் என்று சொல்லவில்லை. "வர்றேன். ஆனா பிடுங்கமாட்டேன்" என்றான். நானும் போகிறேன். செயலாளர், சிப்பாய்கள், தாடிக்காரர்கள் எல்லோர் முன்னாலும், இது நான் இட்டுக்கட்டியது, இதனால் ஒரு பெண்ணின் நெற்றி உடைந்தது என்று சொல்லப்போகிறேன். வீடு மாறியதில் தள்ளிப்போன சின்னவளின் ஞானஸ்நானத்துக்கு ஈஸ்டர் ஞாயிறு தேதி கேட்டிருக்கிறோம், தருவார்களோ மாட்டார்களோ. டோனியைப் பையன்கள் அடிப்பார்களோ. பயப்படுவாள் என்று நீங்கள் சொன்னது சரிதான், தீதி. பயந்துகொண்டேதான் போவேன்.

ஆல்தா நகக்கண்ணில் ஏறிவிட்டது. தேய்த்தால் போகும். தேய்க்காமலே போகிறேன்.

ஸ்டெல்லா